மல்லாந்து கிடப்பவர்களின் கூரை

சுரங்கத்தின் வாயைக் கான்கிரீட்டால் அடைத்த வாரம்
எனக்கு வயது நாற்பத்தெட்டு.
அதில் இருபத்தாறு தரைக்குக் கீழே.
எண் வெட்டிய பித்தளை வில்லையைத்
திருப்பித் தரச் சொன்னார்கள். 1143.
தொலைந்துவிட்டதென்று பொய் சொன்னேன்.
அபராதம் பதினைந்து ஸ்வாட்டி.
மலிவுதான்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில்
என் மகள் வயதுப் பெண் கேட்டாள்:
"உங்களுக்கு என்னென்ன தெரியும், கின்டர் ஐயா?"
கூரை பேசினால் கேட்கும் என்றேன்.
விசைப்பலகைமேல் அவள் விரல்கள் நின்றன.
பாறை உட்காரப் போகிறதென்றால்
முதலில் இரும்பு வளைவு முனகும்,
ஒரு கைப்பிடி தூள் உதிரும்,
எலிகள் ஓடும்,
பிறகு நாங்கள்.
"கூர்ந்து கவனிக்கும் திறன்"
என்று தட்டினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒன்பது மணிவரை தூங்கினேன்.
போஷேனா வேலைக்குப் போயிருப்பாள்.
சமையலறை ஜன்னல் வெயில்
மேசைமேல் ரொட்டித் துணுக்குகளைத் தாண்டி
உப்புக் குப்பிவரை நகர்வதைப் பார்த்திருப்பேன்.
பகல் இவ்வளவு நீளமென்று
யாரும் சொன்னதில்லை எனக்கு.
புனித பார்பரா நாளில்
பித்தளை வாத்தியங்கள் தெருவில் முழங்கிப் போயின.
எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

மார்ச்சில் பித்தோம் மருத்துவமனையில் எடுத்துக்கொண்டார்கள்.
கட்டில் தள்ளுபவன். இரவு முறை.
வார்டிலிருந்து லிஃப்டில் இறங்கி
நிலவறை வழியாக அடுத்த கட்டடம்:
எக்ஸ்ரே, அறுவை அரங்கு,
சிலருக்கு அதற்கும் அப்பால் ஒரு கதவு.
சம்பளம் பாதிக்கும் கீழே.
"கரி போச்சு, ஆள் வந்தாச்சு,
தள்ளுவண்டி மட்டும் அதேதான்" என்று
ஹூபெர்ட் சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இடுப்பெலும்பு முறிந்த கொட்சூரெக் அம்மாள்தான்
போகும் வழியில் கேட்டாள்:
"அதென்ன, ஆட்டுத்தலை?"
எங்கே?
"மேலே."
ஈரக் கறை. இரண்டு கொம்பு, தாடிகூட.
அப்போதுதான் உறைத்தது,
இரண்டு மாதமாக நான் தரையைப் பார்த்தே
நடந்துகொண்டிருக்கிறேன்.
இருபத்தாறு வருடம்
கூரையைத் தவிர வேறெதையும் நம்பாதவன்.

விடிகாலை மூன்று மணிக்கு
காலிக் கட்டிலில் ஏறிப் படுத்து
நர்ஸ் வியோலெட்டாவைத் தள்ளச் சொன்னேன்.
பைத்தியம் என்றாள். தள்ளினாள்.
பதினேழு குழல்விளக்கு. நான்கு செத்தவை.
ஒன்று சாகலாமா வேண்டாமா என்று துடிக்கிறது.
தரை இணையும் இடத்து மேடு
முதுகுத்தண்டில் சம்மட்டியாய் இறங்குகிறது.
தள்ளுகிறவளின் முகம் தலைகீழாய்,
முகவாயும் மூக்குத் துளைகளுமாய்.
இப்படியா தெரிந்தேன் எல்லோருக்கும்?

விளக்கு மாற்ற மனு கொடுத்தேன். மூன்று முறை.
நான்காம் முறை ஏணி கொண்டு வந்தேன்.
ஆட்டுத்தலைக்கு மட்டும் வெள்ளையடிக்கவில்லை.
மேடு வருமுன் சொல்கிறேன்: "இப்போது ஒரு குலுக்கல்."
பாதி வழியில் சொல்கிறேன்: "இன்னும் எட்டு விளக்கு."
அவ்வளவுதான் என் வேலை.
அதற்குமேல் அதில் என்ன இருக்கிறதென்று
எனக்குச் சொல்லத் தெரியாது.

வில்லை சட்டைப்பையில் இருக்கிறது.
விளக்கறை ஆணியில் வில்லை தொங்கினால்
ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம் எங்களுக்கு.
ஒருவரைக் கீழே இறக்கும்போது
வலப்பையிலிருந்து இடப்பைக்கு மாற்றுவேன்,
மேலே ஏற்றியதும் பழையபடி.
யாருக்கும் தெரியாது. போஷேனாவுக்கும்.

நேற்றுக் கடைசி நடை கொட்சூரெக் அம்மாள்.
"ஆடு இருக்கிறதா பார்" என்றாள்,
கண்ணாடியைக் கழற்றி வாங்கிவிட்டிருந்தார்கள்.
இருக்கிறது என்றேன். முறைக்கிறது என்றேன்.
அரங்கின் கதவு மூடியது.
என் நேரம் ஆறு மணிக்கு முடிந்தது.

வீட்டில் சட்டையைத் துவைக்க எடுத்தவளிடம்
அதைத் தொடாதே என்று கத்திவிட்டேன்.
பதினொரு மணிக்கு மருத்துவமனையை அழைத்தேன்.
"நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?"
யோசித்தேன்.
"கீழே கொண்டுபோனவன்" என்றேன்.
குரல் தயங்கியது.
"லைனில் இருங்கள், பார்க்கிறேன்."

இருக்கிறேன்.
வெயில் உப்புக் குப்பியைத் தொட
இன்னும் நாலு விரல்கடை.