பதிவேட்டில் 118

கோட்டைக்கு மண் எடுத்த குழிதான் கண்மாய்.
இதைப் பலகையில் எழுதி மாட்டக் கேட்டேன்.
"ஆதாரம்?" என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஆகவே இப்போது மாட்டியிருப்பது:
வேலங்கோட்டை. மண்கோட்டை. கொத்தளம் ஏழு.
கும்பினி உத்தரவுப்படி இடிக்கப்பட்டது.
இடித்தவர்களுக்குக் கூலி கொடுத்த கணக்கு
மூன்றாம் கண்ணாடிப் பெட்டியில்:
ஆணுக்கு ஒரு பணம், பெண்ணுக்கு அரைப் பணம்.
கட்டியவர்கள் கணக்கு கிடைக்கவில்லை.

நான் அடைக்கம்மை. டிக்கெட் கிழிப்பேன்,
பீரங்கி வாய்க்குள் கைவிட்டுப் பல்லி முட்டை எடுப்பேன்.
காரைக்குடியில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தோடு
காரில் வந்து இறங்குகிறவர்கள்
"கோட்டை எங்கம்மா?" என்பார்கள்.
சன்னலைக் காட்டுவேன்.
தண்ணீர் தெரியும். நாலைந்து கொக்கு.
ஐந்து ரூபாயை நினைத்துக்கொண்டே போவார்கள்.

இந்தச் சித்திரையில் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்க,
வண்டல் அள்ள அனுமதி வந்தது.
ஜேசிபி பல்லில் ணங்கென்று எதுவோ தட்டியிருக்கிறது.
செவந்தியப்பன் அதைச் சட்டையில் சுற்றிக்கொண்டு
வெற்றுடம்போடு வாசலில் நின்றான்.
குண்டு. ஒரு பக்கம் நத்தை ஒட்டியிருந்தது.
பழைய இரும்புக்காரர் கிலோ முப்பது என்றாராம்.
"நீங்க எவ்வளவு?"
நான் பேனா மூடியைத் திறந்தேன்.

ரேஷன் கடைத் தராசில் நாலு கிலோ நூறு.
'அளித்தவர்' கட்டத்தில் அவன் பெயரை எழுதினேன்,
அப்பன் பெயரையும்.
விரல் வைத்துப் படித்தான். இன்னொரு தரம் படித்தான்.
"இது அழியாதுல்ல?"

சுட்டது வெளியிலிருந்தா, உள்ளிருந்தா
என்ற கட்டம் காலி.

சாயங்காலம் டிராக்டர்கள் கரையேறின,
சிந்திக்கொண்டே, ரோடெல்லாம் கறுப்பாக.
காலையில்கூட அது எனக்கு வெறும் வண்டல்.
இடிந்த சுவரை இருநூறு வருச மழை
கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து
எடுத்த குழியிலேயே கொண்டு போட்டிருக்கிறது.
இப்போது லோடு வாடகை எழுநூறு:
கிழக்குக் கொத்தளம் உண்ணாமலை தோட்டத்துக் கத்தரிக்கு,
தலைவாசல் யார் யார் வயலுக்கோ.
பிடிபடாத கோட்டை.

ஆதாரம் கேட்டவர்களுக்கு
மறுபடியும் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை.
ரோட்டில் இறங்கி
ஒரு சிரட்டை அள்ளி வந்தேன்.
குண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எண் 119.
பொருள்: கோட்டை.
நிலை: ஈரம்.