கழிக்காத கணக்கு

பழைய கேஸ் ஸ்ட்ரட்டில் எண் அழிந்துபோயிருந்தது.
மூன்று கோடையாய் டிரெய்லர் மூடியைத் தாங்கியது
ஒரு துடைப்பக் கம்பு.

செடூனா வெயிலில் நோலீன்
குளியலறை எடை மெஷினைக் கொண்டுவந்து
மூடியின் ஓரத்தை அதன்மேல் இறக்கினாள்:
முப்பத்தொன்று.
"கயாக்குக்கு இன்னும் இருபது போடு"
என்றான் க்ளைவ், நிழலிலிருந்து.

போட்டாள்.
அடிலெய்டிலிருந்து வந்தது ஒரு ஜோடி,
அறுநூறு நியூட்டன்.
தண்டு கீழே பார்க்க, எண்ணெய் சீலில் தேங்க,
பந்துமுனை டக்கென்று உட்கார்ந்தது.

கொக்கியை விட்டதும்
மூடி எழுந்தது
அவளும் கூடவே,
கால்விரல் நுனிவரை.

கயாக்கை விற்று எட்டு மாதம்.
யாரும் அதைக் கணக்கில் கழிக்கவில்லை.

இனி மூடுவதென்றால்
க்ளைவ் ஏறி உட்கார வேண்டும்.
உட்கார்ந்தான்.
அவள் கொக்கி மாட்டி
வெகுநேரம் ஆகிவிட்டது.
இறங்கவில்லை,
கயாக் இருந்த இடத்தில்
தேநீரோடு.