ஆவன செய்யப்படும்

வியாழன்தோறும் வரும் எங்கள் பத்திரிகையில்
டார்லீன் ஹ்ரிட்சுக் எழுதாத குழி கிடையாது.
ஆல்பர்ட்டாவில் பனி உருகும் ஏப்ரலில்
ஐம்பதாம் தெருவில் குத்துக்காலிட்டு
அளவுகோலை உள்ளே விடுவாள்.
‘முப்பத்தோரு சென்டிமீட்டர். அதில் ஒரு வாத்து நீந்திக்கொண்டிருந்தது.’
வாத்தை வெட்டுவேன்.
மறுநாள் முகம்கொடுத்துப் பேசமாட்டாள்.

பதினெட்டு வருடம் அவள் எழுத்தைத் திருத்தியவன் நான்.
நகரமன்றத்து அறிக்கை வந்தால் மட்டும்
சிவப்புப் பேனாவை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வாள்.
ஆவன செய்யப்படும்: யாரால்?
பரிசீலனையில் உள்ளது: யார் மேசையில், எந்த இழுப்பறையில்?
தாள் கிழியுமளவு அழுத்துவாள்.

நகரமோ யாரையும் கேட்காமல் வளர்ந்தது.
போன கோடையில் மஞ்சளாய்ப் பூத்த கனோலா வயலில்
இந்தக் கோடைக்கு நானூறு வீடு.
பள்ளிக்கூடம் வருமுன்
கார் கழுவும் கடை மூன்று வந்துவிட்டன.
தண்ணீர் மட்டும் பழைய ஊருக்குப் போட்ட
அதே குழாயில்.

அவள் மேயர் தேர்தலில் நின்றாள்.
செய்தியை நான்காம் பக்கத்தில் போட்டேன்,
டயர் விளம்பரத்துக்குக் கீழே.
நடுநிலை என்று சொல்லிக்கொண்டேன்.
கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் ஜெயித்தாள்.
அதில் ஒன்று என்னுடையது, இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

ஜனவரி. மைனஸ் முப்பத்தாறு.
வடக்கே பெரிய குழாய் வெடித்துத்
தெருவே கண்ணாடியாய் உறைந்தது.
ஜனங்கள் வாளியில் பனி அள்ளிப்போய்
அடுப்பில் உருக்கினார்கள்.
இரவு பத்தரைக்கு மேயரின் அறிக்கை.
எட்டு வரி. எட்டாவது:
‘ஆவன செய்யப்படும்.’

மேலே சிவப்பில் ‘யாரால்?’ என்று எழுதிப்
படமெடுத்து அனுப்பினேன்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.
பன்னிரண்டே முக்காலுக்குத் தொலைபேசி.
பின்னால் பம்பு இரைந்தது,
யாரோ உக்ரேனியக் கெட்டவார்த்தையில்
ஒரு திருகாணியைத் திட்டிக்கொண்டிருந்தார்.
‘என்னால் என்று போடு.’
‘எப்போது?’
‘அதைக் கேட்காதே.’
‘கேட்பேன்.’
‘தெரியும்.’
மூச்சு வாங்கியது அவளுக்கு.
‘தேதி தெரியவில்லை, ரஸ்ஸல். நிஜமாகவே தெரியவில்லை.’
பதினெட்டு வருடத்தில்
நகரமன்றத்திலிருந்து எங்களுக்கு வந்த
முதல் முழு வாக்கியம்.

அச்சுக்கு இருபது நிமிடம் இருந்தது.
முதல் பக்கத்தில் அவள் சொன்னதை அப்படியே வைத்தேன்,
அடியில் ஒரு வரி வெற்றிடம் விட்டு.

அச்சுப்பிழையா என்று காலையில் பலர் கேட்டார்கள்.
மேயர் கேட்கவில்லை.