கொடிவழி

பத்தொன்பதில் சாக்சனிக்கு மணமாகிப் போனபோது
பன்னிரண்டு படுக்கை விரிப்புகள்.
மூலையில் கழுகும் இரண்டெழுத்தும், சிவப்பு நூலில்.
குதிரை தள்ளிக் கணவன் செத்தான்.
கழுகைப் பிரித்துவிட்டுக் கரடி தைத்தார்கள்,
மொராவியாக் கிழவருக்காக.

வால்பர்கா சீமாட்டியின் உறவுமுறை
பாதிரியாருக்கே குழம்பும்:
கிழவரின் மூத்த தாரத்து மகனைத் தங்கை கட்டியதால்
தங்கைக்கே மாமியார்.
அண்ணன் படை மருமகன் கோட்டையைச் சுட்ட வாரம்
இரண்டு பக்கத்துக்கும் கறுப்பு.
ஒரே உடை.

சலவைக்காரி நான்.
எனக்குக் கொடிவழி என்றால் துணிக்கொடிதான்.
வெயில் பட்டால் தெரியும்,
நூல் போன இடமெல்லாம் ஊசித் துளை.

நேற்று உடலை மூடத் துணி கேட்டார்கள்.
எந்த முத்திரை என்றார் காரியஸ்தர்.
எதுவும் தைக்காதது ஒன்று இருந்தது,
பிரசவத்துக்கென்று வைத்தது.
கொடுத்தேன்.
கறை முழுசாய்ப் போகவில்லை.