காரணம் என்ற கட்டம்

இத்தலார் ஃபீடர் ட்ரிப் ஆனது இரண்டு நாற்பதுக்கு.
இரண்டு ஐம்பத்திரண்டுக்குச் சார்ஜ் செய்தேன், நின்றது.
பதிவேட்டில் கடைசிக் கட்டம்: காரணம்.
சில்வர் ஓக் கிளை என்று எழுதுவோம்,
குரங்கு என்று எழுதுவோம்,
ஒருமுறை
காட்டெருமை கம்பத்தில் முதுகு சொறிந்தது என்று எழுதினேன்,
அது உண்மையாகவும் இருந்தது.
தெரியவில்லை என்று மட்டும் எழுதக்கூடாது.
ஹெப்சிபா மேடம் சிவப்பு மையில் சுழிப்பார்:
"காரணமில்லாமல் எது விழும், பெள்ளிராஜ்?"

வெளியே வந்தேன்.
ஜனவரி. எமரால்டு ஏரிப்பக்கம்
புல்லெல்லாம் உப்புக் கொட்டியது மாதிரி.
பைனாகுலர் கம்பளிக்குள் இருந்தது.

ஐந்து வருஷம் நாலு மாதத்துக்கு ஒருமுறை வரும் வால்மீன்.
வால் என்று எதுவும் கிடையாது,
ஊதி அணைத்த திரிமேல் நிற்கும் புகையளவு.
போன சுற்றில் எனக்கு மஞ்சூரில் டியூட்டி.
சொன்ன தேதிக்கு வந்தது, சொன்ன மங்கலோடு போனது.
மஞ்சூர் கடைசி பஸ்ஸுக்கு அந்த ஒழுங்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை பத்தாம் தரம்.
புதன் மேகம்.
வியாழன், அதாவது இன்று,
தேடவே வேண்டியிருக்கவில்லை.

அளப்பது இப்படி:
பக்கத்து நட்சத்திரத்தின் கூர்மையைக் குலைத்து
வால்மீன் அளவுக்கு அதையும் கலங்கலாக்க வேண்டும்.
தெளிவாக இருப்பதை வைத்துக்கொண்டு
கலங்கியதை அளக்க முடியாது.
நாலு நட்சத்திரங்களைக் கலக்கிப் பார்த்தேன்.
ஆறு. ஆறேகால் என்றும் சொல்லலாம்.
இரண்டு ராத்திரியில் முப்பது, நாற்பது மடங்கு!
க்ளவுஸோடு குதித்தேன்.
யாராவது பார்த்திருந்தால்
ஷாக் அடித்ததென்று மெயினை இறக்கியிருப்பார்கள்.

அப்போதுதான் மாதையன் ஜீப்பெடுக்க வந்தான்.
முன்கண்ணாடியில் உறைந்த பனி.
அதன் வழியே ஸ்டியரிங் தெரிந்தது, அத்தனை தெளிவு.
சோப்பு டப்பா மூடியால் சுரண்டினான்.
சுரண்டிய இடமெல்லாம் வெள்ளை,
பொடிப்பொடியாக, டார்ச்சில் கண் கூசும் வெள்ளை.
அதே பனிதான்.
கூடியது ஒன்றுமில்லை.
உடைந்தது.

பைனாகுலரை இறக்கிவிட்டேன்.

எட்டாம் நாள் அதற்குள் இரண்டு புள்ளி.
மூன்றோ? என் கண்ணுக்கு அவ்வளவுதான்.
பன்னிரண்டாம் நாள், விரலால் இழுத்துத் துடைத்த
சுண்ணாம்புக் கறை.
அப்புறம் மூடுபனி, அப்புறம் நிலா.
நிலா தேய்ந்தபின் போய்ப் பார்த்தேன்:
நட்சத்திரங்கள், வெறும் நட்சத்திரங்கள்,
ஒன்றுகூடக் கலங்காமல்.

சூரியச் சூடு என்கிறார்கள்.
தன்னையே வேகமாகச் சுற்றிப் பிய்ந்தது என்கிறார்கள்.
உள்ளே அடைந்து கிடந்த வாயு என்கிறார்கள்.
குரங்கு, கிளை, காற்று.
இத்தலார் ஃபீடருக்கு நான் அன்றைக்கு
உறைபனி என்று எழுதினேன். மேடம் டிக் போட்டார்.

அடுத்த சுற்றுக்கு இன்னும் ஐந்து வருஷம் நாலு மாதம்.
எனக்கு ரிட்டயர்மெண்ட் ஐந்து வருஷம் இரண்டு மாதத்தில்.
பாதை இருக்கும்.
பஸ்ஸை நிறுத்திவிட்ட ரூட்டில்
நேரப் பலகை மட்டும் நிற்பது மாதிரி
அந்தத் தேதியும் இருக்கும்.
மூன்று மணிக்கு எழுந்து போய்
காலியிடத்தைப் பார்ப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.
க்ளவுஸ் வேறு வாங்க வேண்டும்.
இது வாரியத்துடையது,
திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.