வலக்கை

புறக்கோட்டை, இரண்டாம் குறுக்குத் தெரு.
இது ஐந்தாவது கடை.
ஆறு வயதுக் களிசான் இடுப்பில் நிற்காது.
நாலு வயதுக் களிசான் இடுப்புக்குச் சரி,
தொடையோடு நின்றுவிடும்.

"பிள்ளைக்குச் சோறு குடுக்கிறேல்லையோ?"
அளவுநாடாவைக் கழுத்தில் போட்டவர் சிரிக்க
நிதுர்ஷன் என் சீலைக்குப் பின்னால் போனான்.

குடுக்கிறனான்.
இடியப்பம் ஒன்பது தின்பான், சொதியோடு.
அது எங்கே போகுதென்று
அவன்ர விலா எலும்பைத்தான் கேட்கவேணும்.

போன வருஷம் முழுக்க
வலக்கை களிசானுக்கு,
மிச்சமெல்லாம் இடக்கைக்கு.
பள்ளிக்கூட கேற்றில் எனக்குக் காட்டியது,
விடை தெரியுமென்று வகுப்பில் உயர்த்தியது,
விளையாட்டுப் போட்டியில் ஓடியது.
(கடைசியாக வந்தான்; களிசானோடு வந்தான்.)

இன்னும் இரண்டு கடை தாண்டி
படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெட்டி.
அதன் அடியில்
உள்பக்கம் பொத்தான் வைத்து
இலாஸ்டிக்கை இழுத்துப் பூட்டுகிற நீலக் களிசான்.
மூன்றாவது ஓட்டையில் பூட்டினேன்.
"குதி."

குதித்தான்.
மூட்டையோடு வந்த நாட்டாமி வழி கேட்டுக் கத்தக் கத்த
நடுத்தெருவில் குதித்தான்,
இரண்டு கையும் மேலே.
நான் விலைகூடப் பேசவில்லை.

நூறாம் நம்பர் பஸ்ஸில்
வெள்ளவத்தை வரும்வரை நித்திரை.
புதுக் களிசானைக் கழற்ற விடவில்லை.
வலக்கை மட்டும்
இன்னும் இடுப்பைப் பிடித்தபடி.