ஒப்பில்லாதவர்

தார்த்து நகரில் பிப்ரவரி.
ஆறு உறைந்து கிடக்க, அதன்மேல் யாரோ
நாயோடு நடந்துபோகிறார்.
மூன்றாம் மாடியில், என் திரையில்,
இதயம் தாளம் தப்பிய ஏழாயிரத்துச் சொச்சம் பேர்.
பெயர் கிடையாது. வயது, எடை,
சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது,
எத்தனை முறை விழுந்தார்,
அஞ்சல் குறியீட்டில் முதல் இரண்டு இலக்கம்.

சிலருக்குப் பழைய மாத்திரை. சிலருக்குப் புதியது.
புதியதை விழுங்கியவர்களிடம் பக்கவாதம் குறைவு,
ஆயிரத்துக்கு முப்பத்தொன்று.
டாக்டர் உர்மாஸ் அந்த எண்ணைக் கண்டதும்
நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

பொறுங்கள் என்றேன்.
புதிய மாத்திரை யார் கைக்குப் போயிற்று?
மாடிப்படி ஏறி வந்தவர்களுக்கு.
விலை கேட்டு முகம் சுருங்காதவர்களுக்கு.
'இவர் தாங்குவார்' என்று மருத்துவர்
மனசுக்குள் சொல்லிக்கொண்டவர்களுக்கு.
ஓடக்கூடியவன் காலில் புதுச் செருப்பை மாட்டிவிட்டு
செருப்பைப் பாராட்டுவதா?

ஆகவே ஜாடிக்கேற்ற மூடி தேடினேன்.
புதியதில் எழுபத்துமூன்று வயதில் ஒருத்தி,
சர்க்கரை உண்டு, ஒருமுறை விழுந்தவள்.
பழையதில் அவளைப்போலவே இன்னொருத்தி.
இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை.
ஒருத்தி மற்றவளுக்கு
நடக்காமல் போன வாழ்க்கை.

ஒரே ஆள் இரண்டையும் விழுங்கி
இரண்டு முதுமை வாழ்ந்துகாட்ட முடியாது,
அதனால்தான் இந்த ஏற்பாடு.
நவம்பரில் ஒருத்தியின் தேதிகள் நின்றுவிடுகின்றன.
மற்றவள் டிசம்பருக்குள் போகிறாள்.
மாத்திரையால்தான் என்று
இந்த இருவரை வைத்துச் சொல்ல எனக்கு வாயில்லை.
ஆயிரம் ஜோடிக்குப் பிறகு கொஞ்சம் உண்டு.

சேர்த்து முடித்தபோது முப்பத்தொன்று ஒன்பதாயிற்று.
அதுவும் ஒன்றிலிருந்து பதினேழுவரை
எங்கே வேண்டுமானாலும் உட்காரும் ஒன்பது.
உர்மாஸ் காபியைக் கீழே வைத்தார்.
"இடைவெளியைக் கொஞ்சம் தளர்த்தினால்?"
தளர்த்தினால் பதினான்கு. அதையும் பார்த்துவிட்டேன்.
மூடி ஆடும், என்றேன்.

நாற்பத்தோரு பேருக்கு ஜோடி இல்லை.
நாற்பது பேர் மயிரிழையில் தவறி
வாசற்படியிலேயே நின்றார்கள்.
ஒருவர் மட்டும் வெகுதூரத்தில்.

தொண்ணூற்றேழு வயது. நூற்றுப்பன்னிரண்டு கிலோ.
பாதிச் சிறுநீரகம்.
ஆறுமுறை விழுந்து ஆறுமுறையும் எழுந்தவர்.
குறியீட்டைப் பார்த்தால் மேற்கே, தீவுப் பக்கம்,
குளிர் முற்றினால் கடல்மேல் கார் போகிற இடம்.
எந்த மருத்துவர் எந்தத் துணிச்சலில்
இவருக்குப் புதியதை எழுதினார்?
பழையதில் இவரைப்போல் ஒருவரும் இல்லை.
பழையதில் மட்டுமா.

ஒப்பில்லாதவர் என்று
துதிகளில் கடவுளைச் சொல்வார்கள்.
என் நிரலில் அது
நீக்குவதற்கான காரணம்.

இந்த மாத்திரை அவருக்கு நல்லதா என்று
யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும்
என் ஒன்பது அவரைப் பற்றியதல்ல.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு கணக்கு வைத்தேன்:
நான் அளக்காத ஏதோ ஒன்று
எவ்வளவு பலமாயிருந்தால் இந்த ஒன்பது கவிழும்?
தினமும் காலையில் ஹெல்சிங்கியிலிருந்து ஒரு மகள்
'விழுங்கியாச்சா' என்று கேட்பதுபோல ஏதோ ஒன்று.
பெரிய பலம் வேண்டாம் என்று வந்தது.
அப்படியே எழுதினேன்.
உர்மாஸ் இரண்டு நாள் பேசவில்லை;
மூன்றாம் நாள் கையெழுத்திட்டார்.

ஏப்ரலில் புதிய தரவு வந்தது.
கட்டுரை போயாயிற்று, தேவை ஒன்றுமில்லை,
இருந்தும் திறந்தேன்.
அந்த வரிசை அங்கேயே இருந்தது.
வயது: தொண்ணூற்றெட்டு.
விழுந்தது: ஏழு.
மார்ச் பதினெட்டாம் தேதி மருந்துக்கடையில்
அடுத்த மூன்று மாதத்துக்கு
வாங்கிப் போயிருக்கிறார்.